தோணியில் மட்டும் கதைப்பவர்கள்

நேசம் மாமி துடுப்பைத் தூக்கித் தோணியின் விளிம்பில் குறுக்கே வைத்தார். கேற்றைப் பூட்டுகிற மாதிரி.

நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். கமராப் பை நனையாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தேன். காலடியில் சேறு குளிர்ந்து விரல்களுக்கிடையில் ஏறியது. வலையில் காய்ந்த பாசியின் மணம்.

“ஏறாத புள்ள,” என்றார்.

“என்ன மாமி?”

“இனி ஏறாத. அவ்வளவுதான்.”

அவருடைய கணவர் சாமித்தம்பி மாமா மறுமுனையில் வலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக என் பையை முதலில் வாங்கி வைக்கிறவர் அவர்தான். பிறகுதான் எனக்குக் கை கொடுப்பார். அன்று அவருடைய கைகளுக்கு வேலை இருந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை.

கரையில் வாளிகளோடு நின்ற இருவரில் ஒருவர், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: “செத்தவீட்டுச் சேனல் வந்திட்டு.”

மாமா கம்பை ஊன்றினார். தோணி நகர்ந்தது. சேறு கலங்கிய தண்ணீர் என் முழங்காலைச் சுற்றி மெதுவாகத் தெளிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேட்டவர்களுக்கு

இந்தத் தொடரைப் படிக்கிற தங்கச்சிமார் சிலர் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். தனியாகப் படம் எடுக்க என்ன கமரா வாங்கலாம்? எடுத்த படத்துக்குப் பார்வையாளரை எப்படிச் சேர்ப்பது?

இரண்டையும் நான் செய்திருக்கிறேன். விசாரித்து, சோதித்து, ஒழுங்காகச் செய்தேன். அதனால்தான் அந்தத் தண்ணீரில் நின்றேன். எனவே இந்த வாரம் சொல்லப்போவதை அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படம் என்ன படம்

தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்துவிட்டு, தொலைபேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் சில வருடம் வேலை செய்தேன். வவுணதீவுப் பக்கம் வாவிக் கரையில் ஒரு கோபுரம். அங்கே மின்கலங்களை அளந்துகொண்டிருந்த ஒரு காலையில்தான் இவர்களை முதலில் பார்த்தேன்.

தண்ணீரில் ஒரு தோணி. அதற்குள் ஓர் ஆணும் பெண்ணும் கைகளை வீசிச் சண்டை பிடித்தார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு மறுபடியும் சண்டை. கரையில் கால் வைத்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராக, அறிமுகம் இல்லாதவர்களைப் போல நடந்து போனார்கள்.

காரணம் பிறகு தெரிந்தது. எங்கள் பகுதியில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. பெற்றவர்கள் அதே வளவில் பின்பக்கமாக, வீட்டுச் சுவரோடு சாய்ப்பாக ஒரு பத்தியை இறக்கிக்கொண்டு அதற்குள் போய்விடுவார்கள். இவர்களுக்கு ஒரே மகள். மருமகன் நல்ல மனிதர். குடிப்பதில்லை, எடுத்தெறிந்து கதைப்பதில்லை. ஆனால் மருமகன் இருக்கிற வீட்டில் மாமியின் குரல் வெளியே கேட்கக் கூடாது. அது மரியாதை. பத்திக்கும் வீட்டுக்கும் நடுவே ஓட்டை விழுந்த ஒரு பலகை மட்டும்தான். மாமி குரலை விழுங்கினார். மாமாவும் கூடவே விழுங்கினார்.

அதனால் எல்லாக் கதையும் தோணிக்குள்.

“நேத்துச் சொதிக்கு உப்புப் போட்டயா இல்லயா?”

“ஏன், நல்லா இல்லயா?”

“இல்ல, மகள் வச்ச சொதியெண்டு நினைச்சன்.”

“நேத்தே கேட்டிருக்கலாமே.”

“எப்படிக் கேக்கிற? மருமகன் சட்டிக்கு முன்னால இருந்தாரு.”

இன்னொரு நாள் மாமா தொடங்குவார்: “அந்தக் கல்குடாக்காரன் பெண் பாக்க வந்தானே, அவனக் கட்டியிருந்தா இண்டைக்கு நீ ஹோட்டல்காரி.”

“ஓம். உங்களக் கட்டினதால இறால்காரி. மணத்திலயே தெரியும்.”

“மறுகா ஏன் என்னக் கட்டின?”

“அவன் கதைக்கவே இல்ல. வடையத் திண்டிட்டுப் போயிட்டான்.”

இதுதான் என் படம். வேறு ஒன்றுமில்லை. வேலைத்தலத்தில் கிடைத்த விடுமுறை எல்லாம் அந்தத் தோணியில் போனது. பிறகு நிறுவனமே மூடிக்கொண்டது. எனக்கு இன்னும் நிறைய நாட்கள் கிடைத்தன.

கைத்தொலைபேசியில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். படம் பரவாயில்லை. ஒலி பயனற்றது. வாவிக் காற்று நேராக மைக்குக்குள் போய், எல்லா வாக்கியத்தையும் ஒரே இரைச்சலாக அரைத்துவிடும். இருவரின் உதடுகள் அசையும், கைகள் பறக்கும், கேட்பது காற்று. கதைப்பதைப் பற்றிய படத்தில் கதை இல்லை.

காத்தான்குடி

கமரா வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். புடவைக்கடைகளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் ரபீக் நானா என்பவர் கலியாண வீடியோ எடுக்கும் கடை வைத்திருந்தார். மறுபடி கட்டாருக்குப் போவதால் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்.

பழைய கமரா வாங்கும்போது நான் பார்ப்பவை: லென்சுக்குள் பூஞ்சணம் (வாவிக் கரை ஈரத்தில் இது முதல் எதிரி), வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் தெரியும் கறுப்புப் புள்ளிகள், பட்டரி வீங்கியிருக்கிறதா, அரைமணி நேரம் ஓடினால் எவ்வளவு சூடாகிறது, மைக் சொருகும் துளை ஆடுகிறதா. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நானா பொறுமையாக இருந்தார். இடையில் ஒரு பிளேன்ரீயும் வந்தது.

“இது நல்ல காரியம் மட்டும் பாத்த கமரா தங்கச்சி,” என்றார். “முழுக்கக் கலியாணம். அழுகையெண்டா மாப்பிளைட உம்மா அழுததுதான். மகன் பொண்ணு வீட்டுக்குப் போறானெண்டு.”

“மைக் இல்லையா நானா?”

“கலியாணத்துக்கு மைக்கு என்னத்துக்கு? மேலால பாட்டுப் போடுறதானே.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “நீங்க என்ன எடுக்கப் போறீங்க?”

“தோணியில ரெண்டு பேர் கதைக்கிறத.”

“கதைச்சு?”

“அவ்வளவுதான்.”

“அதை ஆரு பாப்பாங்க தங்கச்சி?”

கிண்டல் இல்லை, உண்மையில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன். கையிலிருந்த காசு கமராவோடு முடிந்துவிட்டது. சட்டையில் குத்துகிற, கம்பியில்லாத சின்ன மைக் இரண்டு இன்னும் வேண்டும்.

பார்வையாளர்கள் வந்த வழி

என் சேனலில் அப்போது சில குறும்படங்கள் இருந்தன. பார்த்தவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். பெரும்பாலானோர் முதல் நிமிடத்திலேயே போய்விடுவார்கள். எந்த நொடியில் போனார்கள் என்று வரைபடம் காட்டும். நான் அந்த வரைபடத்தை உட்கார்ந்து படிப்பேன். சறுக்குமரம் போல இருக்கும்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இறந்தார். பிள்ளைகள் எல்லாரும் சுவிஸில். ஒருவருக்கும் வர முடியவில்லை. மகள் எனக்குப் போன் எடுத்தார்.

“தங்கச்சி, உங்கட சேனல்ல நேரடியாக் காட்டலாந்தானே? எங்களுக்கு அம்மாட முகத்தப் பாக்கோணும்.”

மறுக்க ஏலுமா? போனேன். மேலதிக பட்டரி, இரண்டு சிம் அட்டைகள், வெயிலுக்குக் குடை. பந்தலுக்குள் கறுப்புத் துணியைப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்தேன். கால்மாட்டில் நின்று, முகத்தைக் கிட்ட எடுத்து, அப்படியே அசையாமல் வைத்திருந்தேன். பெட்டியை மூடும்போது என் கை ஆடவில்லை. அதை நான் கவனித்தேன்.

மகள் மாலையில் மறுபடியும் எடுத்தார். “அம்மாவ வடிவாக் காட்டினீங்க. நன்றி தங்கச்சி.”

நான் எடுத்த எதற்கும் அதுவரை ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். சுவிஸ், கனடா, கட்டார். இறப்பதற்கு முன்பே கேட்பவர்களும் இருந்தார்கள். “அப்பாவுக்குக் கடுமையெண்டு டொக்டர் சொல்லிட்டாரு தங்கச்சி. இந்தக் கிழமை வேற எங்கயும் போயிராதீங்க.” நான் போகவில்லை. காத்திருந்தேன்.

அஞ்சலி உரை சொல்பவர்களின் சட்டையில் குத்த மைக் தேவை என்றார்கள். செத்தவீடு எடுத்துக் கிடைத்த காசிலேயே நல்ல மைக் இரண்டு வாங்கினேன். காற்றைத் தடுக்கும் பஞ்சுத் தொப்பியும் சேர்த்து. வாங்கிய அன்றே மொட்டைமாடிக்குப் போய்க் காற்றில் பரீட்சித்தேன். என் மூச்சுக்கூடக் கேட்டது. தோணிக்கு இனி எதுவும் குறையில்லை என்று நினைத்தேன்.

சேனலும் வளர்ந்தது. செத்தவீட்டு வரைபடத்தில் சறுக்கல் இல்லை. மேசைபோல மட்டமாக, சுடலை வரைக்கும் போகும். ஒருவரும் எழும்பிப் போகமாட்டார்கள். பார்வையாளரைச் சேர்ப்பது என்றால் இதுதான், சேர்ந்தார்கள்.

ஆழ்ந்த அனுதாபங்கள்

இவ்வளவு பேர் வந்துவிட்டார்கள், இனி என் படத்தைக் காட்டலாம் என்று கணக்குப் போட்டேன்.

பழைய தோணிக் காட்சிகளில் இரண்டு நிமிடத்தை வெட்டினேன். ஒலி காற்றாக இருந்ததால் அதை நீக்கிவிட்டு மெல்லிய குழலிசை போட்டேன். உதடு அசைவது உறுத்தாமல் வேகத்தைக் குறைத்தேன். நிறத்தைச் சரிசெய்தேன். ஐரோப்பாவில் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரமாகப் பார்த்து ஏற்றினேன். படத்துக்குப் பெயர் வைக்கவில்லை என்பதால் தலைப்பில் இப்படிப் போட்டேன்: சாமித்தம்பி – நேசம், வவுணதீவு.

செத்தவீடுகளுக்கும் நான் அப்படித்தான் தலைப்புப் போடுவேன். பெயர், ஊர்.

முதலாவது கருத்து சில நொடிகளிலேயே வந்தது. “ஆழ்ந்த அனுதாபங்கள்.” அடுத்தது: “ஆத்மா சாந்தியடையட்டும்.” கூப்பிய கைகள். மெழுகுதிரி. “இருவருமா? தாங்க முடியவில்லை.” “எத்தனை மணிக்குத் தகனம்?”

தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து வாசித்துக்கொண்டே போனேன். எங்கே பிழை நடந்தது என்று புரிவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. படத்தைச் சேனலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் இரண்டு முகங்களையும் வெட்டி, மரண அறிவித்தலாக்கி, உறவினர் குழுக்களில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் மன்னிப்புக் கேட்கவும், புது மைக்கைக் குத்தவும், இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம் என்றுதான் வலையிறவுப் பாலம் தாண்டி அந்தத் துறைக்குப் போனேன். துடுப்பு குறுக்கே விழுந்தது அன்றுதான்.

துறையில்

அவர்கள் திரும்பி வரும்வரை கரையிலேயே இருந்தேன். வெயில் ஏறிவிட்டது. மாமா இறாலை நிறுக்கக் கொண்டுபோனார். மாமி மட்டும் என் பக்கத்தில் வந்து, சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நின்றார்.

“கனடாவில இருந்து தங்கச்சிட மகள் போன் எடுத்தவள்,” என்றார். “எங்கட மகளிட்ட ஒப்பாரி வைக்கிறாள், ரெண்டு பேரும் ஒரே நாளிலயா போனவங்களெண்டு. நான் போனை வாங்கி, நான்தான்டி கதைக்கிறனெண்டு சொன்னன். கத்திப்போட்டுப் போனை வச்சிட்டாள்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

“ஜேர்மனில மச்சாள் தலையில தோஞ்சிட்டாளாம். செத்தவீட்டுத் துடக்கு காக்கிறாளாம். உயிரோட இருக்கிறவளுக்கு.”

“என்ர பிழைதான் மாமி.”

“உன்ர பிழையெண்டு ஆரு சொன்ன? மச்சாள இனி எப்படித் துடக்குக் கழிக்கச் சொல்லுறது, அதச் சொல்லு.” கரையில் நின்றவர்களைக் கண்ணால் காட்டினார். “இவனுகள் சொல்லுறானுகள், செத்தவீட்டுக் கமராவத் தோணியில ஏத்தினதாலதான் இப்படி நடந்ததாம். போன கிழமை இறால் விழாததுக்கும் அதுதானாம். நாளைக்கு ஒருத்தன்ர வலை அறுந்தாலும் எங்கட தலையிலதான் வரும். நாங்க இந்தத் துறையில தொழில் செய்யோணும் புள்ள.”

“கமரா வேண்டாம் மாமி. நானும் ஏறல்ல. இந்தச் சின்ன மைக்க மட்டும் உங்கட சட்டையில குத்திக்கொண்டு போங்க. பட்டன் அளவுதான்.” உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். தொடவில்லை.

“இது எங்கெங்க குத்தின சாமான்?”

மைக்கைச் சுற்றி விரல்களை மூடினேன்.

“புதுசு ரெண்டு வாங்குறன்.”

“எந்தக் காசில வாங்குவ?”

பையிலிருந்து மைக்கின் பெட்டியை எடுத்தேன்.

நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் அழவில்லை, மைக்குகளைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தேன்.

“பின்னேரம் வீட்ட வா,” என்றார் மாமி. “பத்திக்குள்ள வச்சு எடு. வீட்டுக்கு வாறவள ஒருத்தனும் ஒண்டும் சொல்லேலாது. அங்க எதையும் குத்து.”

சுத்தமான ஒலி

போனேன். மருமகன் முன்கூடத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் மரியாதையாக எழும்பி, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். “எடுங்க அக்கா, எடுங்க. நாங்க சத்தம் போடல்ல,” என்றார்.

பத்திக்குள் ஒரு கட்டில், ஒரு பாய், சுருட்டிய வலை, சுவரில் போன வருடக் கலண்டர். வெளிச்சம் வாசல் வழியாக மட்டும். மாமாவின் சட்டையில் ஒரு மைக். மாமியின் சட்டையில் ஒன்று. காதில் ஹெட்போனை மாட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. இரைச்சல் இல்லை. காற்று இல்லை. மாமாவின் நெஞ்சில் சளி லேசாக அறுப்பது கேட்டது. மாமியின் வளையல் ஒன்றோடொன்று தொட்டது கேட்டது.

“கதைங்க,” என்றேன்.

இருவரும் கட்டிலின் இரண்டு முனையில் இருந்தார்கள்.

மாமா பலகைச் சுவரைப் பார்த்தார். மாமி தன் கைகளைப் பார்த்தார்.

“சாப்பிட்டயா?” என்றார் மாமா, மிக மெதுவாக.

“ஓம்.”

அவ்வளவுதான். தொடர்ந்து ஓடவிட்டேன். ஒரு முறை மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். முன்கூடத்தில் மருமகன் தொண்டையைச் செருமினார். சும்மா, எல்லாரும் செருமுவதுபோல. மாமி வாயை மூடினார். உதடு ஒட்டுகிற சத்தம்கூட என் காதில் விழுந்தது.

இருட்டுப்படும் வரைக்கும் எடுத்தேன். நான் பதிவுசெய்த ஒலிகளிலேயே மிகச் சுத்தமானது அதுதான்.

நிறுத்திவிட்டு ஹெட்போன் கம்பியைச் சுருட்டியபோது மாமா சொன்னார்: “உன்ர படத்தக் கெடுத்துப்போட்டம் போல.”

“இல்ல மாமா.”

“மகள் எங்களுக்குத் தந்த இடம் இது. இதுக்குள்ள எங்களுக்குக் கதை வராது புள்ள.”

சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இருவரும் தெருப் படலை வரைக்கும் கூட வந்தார்கள். வீட்டிலிருந்து தள்ளி வந்ததும் மாமியின் குரல் கொஞ்சம் ஏறியது.

“கவலப்படாத. இவர் எனக்கு முந்திப் போனா நான் உன்னத்தான் கூப்பிடுவன். அண்டைக்கு வந்து எடு.”

“மாமி…”

“இல்ல, கேளு. அண்டைக்கு வீட்டுக்குள்ள வச்சே சத்தமாச் சொல்லி அழுவன். சொதி, கல்குடாக்காரன், எல்லாத்தையும் எடுத்துச் சொல்லுவன். மருமகனும் தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோணும். ஒருத்தரும் என்ன அமத்தேலாது.”

மாமா சிரித்தார். “நல்லாத்தான் இருக்கும். எனக்குத்தான் கேக்காது.”

மாமியும் சிரித்தார். தோணியில் சிரிப்பதுபோல இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு.

எனக்கு அந்தக் காட்சி வேண்டாம். அதை அவர்களிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என் மூளை வேறு எங்கோ போய்விட்டிருந்தது. அழும் பெண் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். மைக்கைச் சட்டையில் குத்தினால் ஒலி உடையும். பிணத்தின் தலைமாட்டில் வைக்க வேண்டும், துணிக்கு அடியில், மாமியின் வாய் குனிந்து வரும் இடத்தில்.

படலையைத் தாண்டுவதற்குள் அதை முடிவுசெய்திருந்தேன்.